மறந்துபோகும் மெசின்கள்

அந்த நாட்களில் நான் ஆட்களின் முகத்தைப் பார்ப்பதில்லை, காலைத்தான் பார்ப்பேன். கொழும்பு வெள்ளவத்தையில், கடல் பக்கமாக இறங்கும் ஒழுங்கை ஒன்றில், ஒரு கொமியூனிகேஷன் கடையில் வேலை செய்துகொண்டிருந்தேன். முன்பக்கம் வெளிநாட்டுக்குக் கதைக்கிற இரண்டு ரெலிபோன் கூடுகள். உள்ளே ஏசி போட்ட அறையில் எட்டுக் கொம்பியூட்டர்கள். அறைக்குக் கம்பளம் விரித்திருந்தபடியால் செருப்பு, சப்பாத்து எல்லாவற்றையும் வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். ஆகவே வருகிறவர்களின் வெறுங்காலைப் பார்க்கிற பாக்கியம் எனக்கு இருந்தது. லொட்ஜில் தங்கியிருக்கிற பெடியன்களின் கால், செருப்பு வார் மறைத்த இடம் தவிர மற்றதெல்லாம் வெயிலில் கறுத்திருக்கும். கணுக்காலுக்கு மேல் வரை வெளிறி, காலில் இழுத்துப்போடும் மேஸ் இறுக்கிய கோடு சுற்றிவர விழுந்திருந்தால், அந்த ஆள் நாள் முழுக்கப் பூட்ஸ் போடுகிறவர், பொலிஸோ ஆமியோ. அப்படியான ஒருவர் சிவில் உடுப்பில் வந்து, ஈமெயில் பார்க்க வேண்டும் என்று சிரித்தால் நான் நம்பமாட்டேன்.

யாரை நம்புவது என்று தெரியாத யுத்த காலம் அது. நான் கொட்டாஞ்சேனையில் அக்கா வீட்டிலிருந்து பஸ்ஸில் வேலைக்கு வருவேன். வழியில் ஆமிக்காரர் இறக்குவார்கள், அடையாள அட்டையைப் பார்ப்பார்கள், சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கச் சொல்வார்கள். பிட்டையும் சம்பலையும் பேனையால் கிளறிப் பார்த்தவர்களும் உண்டு. பஸ்ஸில் பக்கத்தில் இருக்கிறவர் தமிழில் கதை கொடுத்தால், இவர் ஏன் வலியக் கதைக்கிறார் என்று யோசிப்பேன். கதை கொடுக்காவிட்டால், ஏன் பேசாமல் இருக்கிறார் என்று யோசிப்பேன். அக்கா எனக்கு விசர் பிடிக்கப் போகிறது என்பாள். அவள் மட்டும் என்ன, வாசல் மணி அடித்தால் ஜன்னல் சீலையை விலக்கிப் பார்க்காமல் கதவைத் திறந்தது கிடையாது.

கடை முதலாளி ஒரு முஸ்லிம் மனிதர். மூன்று தலைமுறையாக அந்தப் பகுதியிலேயே இருக்கிற குடும்பம். முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடுவதுபோல எல்லோரும் அவரை நானா என்பார்கள், நானும் அப்படித்தான். சிங்களம் தண்ணீர்பட்ட பாடு. வியாபாரத்தில் கெட்டிக்காரர், கொம்பியூட்டரைப் பற்றி அது ஓடுகிறதா இல்லையா என்பதைத் தவிர வேறொன்றும் தெரிந்துகொள்ள ஆசைப்படாதவர். மெசின்களின் முழுப் பொறுப்பும் என்னுடையது.

நான் சேர்ந்த புதிதில் ஒரு நாள் பின்னேரம், வெளிறிய கால் இரண்டு சோடி உள்ளே வந்தன. அப்போதுதான் ஒரு பெடியன் எழும்பிப் போயிருந்தான். இருவரும் அவன் விட்டுப்போன மெசினில் போய் உட்கார்ந்தார்கள். அவர்கள் ஈமெயில் பார்க்கவில்லை. அவன் பார்த்த பக்கங்களை ஒவ்வொன்றாகத் திறந்தார்கள். அவன் திறந்து மூடிய படங்களைப் பார்த்தார்கள். அவன் சேவ் பண்ணி அழிக்காமல் விட்ட ஒரு கடிதத்தை ஒருவன் மற்றவனுக்குச் சிங்களத்தில் மொழிபெயர்த்தான். பிறகு காசைக் கொடுத்துவிட்டு, நன்றி நங்கி என்று தங்கச்சி முறை சொல்லிவிட்டுப் போனார்கள். அந்தப் பெடியன் பிறகு கடைக்கு வரவில்லை. அவனுக்கு என்ன நடந்ததோ, ஒன்றுமே நடக்காமல் வெளிநாடு போய்ச் சேர்ந்தானோ, எனக்குத் தெரியாது. ஆனால் என் மெசின் அவனைக் காட்டிக்கொடுத்துவிட்டது என்றே நினைத்தேன்.

எங்கள் கடையில் விண்டோஸ் இல்லை, லினக்ஸ். பென்டிரைவில் வைரஸ் வந்து மாதத்துக்கு ஒரு முறை எட்டு மெசினும் படுத்துவிடுகிற தொல்லை தாங்காமல் நான்தான் மாற்றியிருந்தேன். லினக்ஸில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு டிஸ்க்கோ பென்டிரைவோ தன்பாட்டுக்கு உள்ளே வந்துவிட முடியாது. அதைக் கொண்டுவந்து ஒரு கோப்புறையில் பொருத்த வேண்டும். அதற்குத்தான் மவுண்ட் பண்ணுவது என்று பெயர். எது எங்கே பொருந்த வேண்டும், என்ன நிபந்தனையோடு பொருந்த வேண்டும் என்பதெல்லாம் எஃப்எஸ்டாப் என்கிற சின்னஞ்சிறு கோப்பில் ஒவ்வொரு வரியாக எழுதியிருக்கும். காலையில் மெசின் எழும்பும்போது முதல் வேலையாக அந்த வரிகளை வாசித்து, அப்படியே கீழ்ப்படியும்.

எனக்கு அந்த நிபந்தனைகள் மிகவும் பிடித்துப்போயிருந்தன. வாசிக்கலாம், எழுதக்கூடாது. உள்ளே வரலாம், ஆனால் அதில் உள்ள எந்தப் புரோகிராமும் ஓடக்கூடாது. எழுதுவதை உடனுக்குடன் எழுதிவிட வேண்டும், பிறகு பார்ப்போம் என்று வைத்திருக்கக்கூடாது. கமா போட்டுப் போட்டு அடுக்கிக்கொண்டே போகலாம். கொழும்பில் நாங்கள் இருந்ததும் ஏறக்குறைய அப்படித்தான்: தங்கலாம், ஆனால் பொலிஸில் பதிய வேண்டும், போகலாம், ஆனால் காரணம் சொல்ல வேண்டும். யாரையும் நம்பாத ஒருவர்தான் இந்த முறையைக் கண்டுபிடித்திருக்க வேண்டும் என்று எனக்குப் படும். அந்த மனிதரோடு எனக்கு ஒத்துப்போயிற்று.

அந்த இரண்டு பேரும் வந்துபோன மறுநாள் காலையில், கடை திறக்க முதல், எட்டு மெசினிலும் எஃப்எஸ்டாப்பைத் திறந்து மூன்று வரிகள் சேர்த்தேன். டெம்ப்எஃப்எஸ் என்று ஒன்று இருக்கிறது. பார்வைக்கு டிஸ்க் போலவே இருக்கும். அதில் கோப்பு வைக்கலாம், திறக்கலாம், திருத்தலாம். ஆனால் அது டிஸ்க்கே அல்ல. மெசினின் நினைவில் மட்டும் இருக்கிற இடம். கரண்ட் நின்றால் அதுவும் இல்லை. வாடிக்கையாளர் சேவ் பண்ணுகிற கோப்புறையை அதில் பொருத்தினேன். தற்காலிகக் கோப்புகள் சேருகிற கோப்புறையையும் பொருத்தினேன். யார் எத்தனை மணிக்கு உட்கார்ந்தார், எத்தனை மணிக்கு எழும்பினார் என்று மெசின் தானாகவே எழுதிவைக்கிற லொக் கோப்புறை ஒன்று இருக்கிறது, அதையும் விடவில்லை. ஒருவர் எழும்பிப் போனதும் நான் அந்த மெசினை ஒருமுறை நிற்பாட்டிப் போடுவேன். அடுத்தவர் வரும்போது அது அன்றைக்குத்தான் வாங்கிவந்த மெசின் மாதிரி இருக்கும்.

காசுக்காக நேரத்தை ஒரு சின்ன வெள்ளைப் பலகையில் எழுதுவேன். காசு வாங்கியதும் துடைத்துவிடுவேன். நானாவிடம் வைரஸுக்காகச் செய்தேன் என்று சொன்னேன். அது பொய்யும் அல்ல. சுவரில் ஒரு அறிவித்தல் ஒட்டினேன்: வைத்துக்கொள்ள வேண்டியதை உங்கள் பென்டிரைவில் சேவ் பண்ணுங்கள், மெசினில் எதுவும் மிஞ்சாது. அதை ஒருவரும் வாசிக்கவில்லை. வாசித்தவர்களும் நம்பவில்லை. பெடியன்கள் எழும்பும்போது திரும்பத் திரும்ப அழித்துவிட்டு, அதுவும் போதாதென்று சுவர் சுவிட்சை நிற்பாட்டிவிட்டுப் போவார்கள். அந்தச் சுவிட்சில் கைவைக்க வேண்டாம் என்று கத்திக் கத்தி எனக்குத் தொண்டை போனது.

அவர்களில் ஒருவன்தான் இந்தக் கதைக்குக் காரணம். வடக்கிலிருந்து வந்து, எதிர் ஒழுங்கையில் இருந்த லொட்ஜில் தாயோடு தங்கியிருந்தான். இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயது இருக்கும். எப்போதும் மூலை மெசின்தான் வேண்டும் என்பான், முதுகுக்குப் பின்னால் சுவர் இருக்கிறபடியால். நீலப் பை ஒன்றை மடியிலேயே வைத்திருப்பான். வெளிநாட்டுக்குப் போவதற்காக ஒரு தூதரகத்துக்குத் தன் கதையை எழுதிக்கொண்டிருந்தான். தனக்கு நடந்தது முழுவதையும் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுக்க வேண்டுமாம். இரண்டு விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டுவான். உதவி செய்யட்டுமா என்று ஒருமுறை கேட்டேன். திரையை அணைத்துவிட்டு, வேண்டாம் அக்கா என்றான். என்னையும் நம்பவில்லை. அதில் எனக்குக் கோபம் வரவில்லை, அவனுடைய இடத்தில் நானும் நம்பியிருக்கமாட்டேன்.

ஒரு நாள் நான் கதவைத் திறக்கும்போதே வாசலில் நின்றான். வழக்கம்போல மூலைக்குப் போனான். காலை முழுக்க இருந்து எழுதினான். மதியத்துக்குக் கொஞ்சம் முன்பு ஒரு வெளிறிய கால் சோடி உள்ளே வந்தது. மேஸ் கோடு சிவந்து கிடந்தது, அன்றைக்குத்தான் பூட்ஸைக் கழற்றியிருக்க வேண்டும். அறையில் அவ்வளவு மெசின் சும்மா கிடக்க, அந்தக் கால் நேரே அவனுக்குப் பக்கத்து மெசினுக்குப் போனது. அவனும் என்னைப் போலவே கால் பார்க்கிறவன் போலும். அவனுடைய கை சுவர்ச் சுவிட்சுக்குப் போனது. டிக் என்று சத்தம் கேட்டது, மூலை மெசின் செத்துப்போனது.

வந்தவர் தன்பாட்டுக்கு எதையோ பார்த்தார். அவன் சும்மா இருண்ட திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தான். பிறகு பொறுக்க முடியாமல் மெசினைப் போட்டான். காலை முழுக்க எழுதியது அதில் இல்லை. பென்டிரைவிலும் சேவ் பண்ணியிருக்கவில்லை. பென்டிரைவை வழியில் பறித்துப் பார்ப்பார்கள் என்ற பயத்தில், கடைசியில் ஈமெயிலில் அனுப்பிக்கொள்ளலாம் என்று விட்டிருக்கிறான்.

எழும்பி என்னிடம் வந்தான். முகம் முழுக்க வியர்த்திருந்தது.

"எங்க நான் எழுதினது? நீங்கள்தானே எடுத்தனீங்கள்?"

எனக்கு வந்த கோபத்தைச் சொல்ல முடியாது. அவனைக் காப்பாற்றுவதற்காக நான் பாடுபட்டுச் செய்த வேலைக்கு நானே கள்ளி. சுவரில் ஒட்டியிருக்கிறது கண்ணுக்குத் தெரியவில்லையா, சுவிட்சில் கைவைக்காதே என்று எத்தனை தரம் சொன்னேன், உன்னுடைய கதையை எடுத்து நான் என்ன ஊறுகாய் போடப் போகிறேனா என்று ஏசினேன். அவனும் விடவில்லை. ரெலிபோன் கூட்டுக்குள் கதைத்துக்கொண்டிருந்த மனிசி கதவைத் திறந்து எட்டிப் பார்த்தது. நானா ஓடிவந்து, பக்கத்து ஹோட்டலில் மூன்று பிளேன்ரீ சொல்லி, எங்கள் இரண்டு பேரையும் சமாதானப்படுத்தினார். அவன் ரீயைக் குடித்துவிட்டு, மறுபடியும் மூலைக்குப் போய், முதல் வரியிலிருந்து தட்டத் தொடங்கினான். பக்கத்தில் இருந்தவர் எப்போது எழும்பிப் போனார் என்று நான் கவனிக்கவில்லை.

அன்று பின்னேரம் ரேடியோவில் சொன்னார்கள், இரத்மலானையில் ஒரு பஸ்ஸில் குண்டுப் பொதி ஒன்று அகப்பட்டதாம். வெடிக்கவில்லை. முற்பகலில் நீலப் பையோடு ஒரு பெடியன் அவசரமாக இறங்கிப் போனதைக் கொண்டக்டர் கண்டாராம். அடுத்த நாள் விடிய முதல் எங்கள் பக்கத்து லொட்ஜ்களைச் சுற்றி வளைத்தார்கள். கடை திறக்கும்போது ஒழுங்கை வெறிச்சென்று கிடந்தது. எந்த லொட்ஜில் யாரைக் கொண்டுபோனார்கள் என்று யாரும் யாரிடமும் கேட்கவில்லை. கேட்கிறவரையும் சந்தேகிக்கிற நாட்கள் அவை.

மறுநாள் ஒரு அம்மா கடைக்கு வந்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார்.

"பிள்ளை, இஞ்ச வந்து போற ஆக்களின்ர விவரம் மெசினில நிக்குமோ?"

நேரடியாகக் கேட்க வசதியில்லாதபோது பொலிஸார் ஒரு வயதான பெண்ணை அனுப்பிக் கேட்பார்கள் என்று நான் கேள்விப்பட்டிருக்கிறேன். ஒன்றும் நில்லாது என்றேன். இரண்டு நாளைக்கு முந்தியதும் நில்லாதோ என்று கேட்டார். நில்லாது என்றேன். எங்கேயாவது எழுதிவைக்கிறதில்லையோ என்றார். நான் வெள்ளைப் பலகையைத் திருப்பிக் காட்டினேன். அதில் ஒன்றுமில்லை. அவர் அந்த வெறும் பலகையைப் பார்த்துக்கொண்டே நின்றார். போகவும் இல்லை. பிறகு மெதுவாகச் சொன்னார்.

"அண்டைக்கு நீங்கள் அவனை ஏசினீங்களாம். றூமுக்கு வந்து சாப்பிடாமல் படுத்திட்டான். பிறகு எழும்பிச் சொன்னான், பிழை தன்னிலதானாம், நாளைக்குப் போய் அந்த அக்காவிட்டை மன்னிப்புக் கேக்கோணுமெண்டு. விடியப் பிடிச்சுக்கொண்டு போயிட்டாங்கள்."

அதற்குப் பிறகு எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை. கதிரையை இழுத்துப் போட்டு அவரை உட்காரவைத்தேன். காலை முழுக்க இங்கேதான் இருந்தேன் என்று மகன் சொல்கிறானாம். அப்படியானால் அந்தக் கடையில் பதிவு இருக்கும், கொண்டுவாருங்கள், பார்ப்போம் என்று பொலிஸ் நிலையத்தில் சொன்னார்களாம். கொண்டுபோக ஒன்றுமில்லாவிட்டால் அவனை வேறிடத்துக்கு அனுப்பிவிடுவார்கள். அந்த வேறிடம் எது என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அப்படி அனுப்பப்பட்டவர்களைத் தேடிப் பல வருடங்களாக அலைகிற தாய்மாரை இருவருக்கும் தெரியும்.

நான் மூலை மெசினுக்கு முன்னால் போய் உட்கார்ந்தேன். லொக் கோப்புறையைத் திறந்தேன். மெசின் அன்று காலை எழும்பியதிலிருந்து எழுதிய நாலு வரிதான் அதில் இருந்தது. எப்படி இருக்கும்? நான்தானே அதற்கு வாயைக் கட்டியவள். யாருக்கும் அகப்படக்கூடாது என்று நினைத்துச் செய்த வேலை இவ்வளவு சுத்தமாக வேலை செய்திருக்கிறதே என்று என்னை நானே திட்டினேன். ஒரு வரி, அந்த ஒரு வரி மட்டும் இல்லாதிருந்தால் அவன் உட்கார்ந்த நேரமும் எழும்பிய நேரமும் வினாடி பிசகாமல் டிஸ்க்கில் கிடந்திருக்கும்.

நானாவிடம் சொல்ல வேண்டியிருந்தது. இந்த முறை வைரஸ் கதை இல்லாமல் முழுவதையும் சொன்னேன். அவர் முகம் இருண்டுபோனது.

"என்ட மெசின்ல எனக்கே சொல்லாம இதெல்லாம் செஞ்சீக்கிறியா புள்ள? என்னத்த மறைக்கிற எண்டு கேட்டா நான் என்ன சொல்ற?"

அவர் என்னைப் பார்த்த பார்வையை நான் அதுவரை அவரிடம் கண்டதில்லை. இந்தப் பெண் யாருடைய ஆள் என்று அவர் யோசிப்பது எனக்கு விளங்கியது. நானும் அதைத்தானே எல்லோரையும் பற்றி யோசித்தேன். ஆனாலும் சுட்டது. அவர் வெளியே போய் ஒழுங்கை முனையில் கொஞ்ச நேரம் நின்றார். திரும்பி வந்து, தொப்பியைப் போட்டுக்கொண்டு, வா போவோம் என்றார்.

பொலிஸ் நிலையத்தில் விசாரித்த அதிகாரி மரியாதையாகத்தான் கதைத்தார். நான் உடைந்த சிங்களத்தில் சொன்னேன், நானா அதைச் சரிப்படுத்திச் சொன்னார். அந்தப் பெடியன் கதவு திறந்ததிலிருந்து எங்கள் கடையில் இருந்தான், எனக்கும் அவனுக்கும் சண்டை, ஆகவே எனக்கு மறக்காது. அதிகாரி பதிவைக் கேட்டார். பதிவு இல்லை என்றேன். ஏன் இல்லை? நான் டெம்ப்எஃப்எஸ்ஸை விளங்கப்படுத்தத் தொடங்கினேன். அவர் கையை உயர்த்தி நிறுத்தினார். மறைக்க ஒன்றும் இல்லாத கடை எதற்கு அழிக்க வேண்டும் என்று கேட்டார்.

அப்போது நானா சிங்களத்தில், அமைதியாக, நான்தான் செய்யச் சொன்னேன் என்றார். பென்டிரைவ் வைரஸால் மாதாமாதம் நட்டம், தாங்க முடியாமல் இந்தப் பிள்ளையிடம் ஒரு வழி செய்யச் சொன்னேன், மெசின் என்னுடையது, பொறுப்பும் என்னுடையது. அன்றைக்கு அந்தப் பெடியனுக்கும் இவளுக்கும் பிளேன்ரீ வாங்கிக் கொடுத்துச் சண்டையை நிற்பாட்டியதும் நான்தான், வேண்டுமானால் ஹோட்டல்காரனைக் கூப்பிட்டுக் கேளுங்கள் என்றார். என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை.

எனக்கு அப்போதுதான் மற்றது ஞாபகம் வந்தது. பக்கத்து மெசினில் இருந்த வெளிறிய கால். அந்த ஆள் பொலிஸ் என்றால், அந்தச் சண்டையை முன்வரிசையில் இருந்து பார்த்த பொலிஸ். அவர் ஒரு வார்த்தை சொன்னால் எங்கள் மூவரின் வார்த்தையும் தேவையில்லை. நான் சுற்றிப் பார்த்தேன். அந்த அறையில் நாலைந்து பேர் இருந்தார்கள். ஒருவர் ரெலிபோனில், ஒருவர் கதவோரம், இருவர் கோப்புகளோடு. எல்லோரும் பூட்ஸ் போட்டிருந்தார்கள். ஒருவருடைய முகமும் எனக்குத் தெரியவில்லை. காலைப் பார்த்தே ஆளைப் பிடித்துவிடுவேன் என்று பெருமைப்பட்டவளுக்கு நன்றாக வேண்டும். கோப்போடு இருந்த ஒருவர் மட்டும் நான் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார் என்று நினைக்கிறேன். நினைக்கிறேன், அவ்வளவுதான்.

அதிகாரி வாக்குமூலத்தைச் சிங்களத்தில் எழுதி என் பக்கம் தள்ளினார், கையெழுத்துப் போடு நங்கி என்று. எனக்குச் சிங்களம் கதைக்க வரும், வாசிக்க வராது. எங்கள் ஆட்கள் எத்தனை பேர் அப்படி வாசிக்காத தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே போயிருக்கிறார்கள். நான் பேனையைத் தொடவில்லை. நானா வாசித்துக் காட்டட்டும் என்றேன். அதிகாரிக்கு அது பிடிக்கவில்லை, ஆனாலும் விட்டார். நானா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மெல்ல மெல்ல வாசித்துத் தமிழில் சொன்னார். எல்லாம் சரியாகத்தான் இருந்தது, ஒரு வசனம் வரும் வரை: கடையின் பதிவுகளை நான் அழித்துவிட்டேன்.

"அழிக்கேல்லை சேர். எழுதப்படவே இல்லை. இல்லாததை எப்பிடி அழிக்கிறது?"

இரண்டும் ஒன்றுதானே என்றார் அவர். எனக்குப் பயம்தான், ஆனால் கோபம் அதைவிடக் கூட. ஒன்று அல்ல என்றேன். அழித்தால் ஏதாவது இருந்திருக்க வேண்டும், அழித்தவள் என்று நான் குற்றவாளி. இது டிஸ்க்கில் ஏறவே இல்லை, வேண்டுமானால் டிஸ்க்கைக் கழற்றிக்கொண்டுபோய் யாரிடமாவது கொடுத்துத் தோண்டிப் பாருங்கள், ஒரு எழுத்துக்கூட வராது. அவர் பிறகு அந்த வசனத்தை வெட்டி, நானா சொல்லச் சொல்ல வேறு எழுதினார். நானா அதையும் ஒருமுறை வாசித்த பிறகுதான் கையெழுத்துப் போட்டேன். வெளியே வந்ததும் நானா இரண்டு கடை தள்ளிப் போய் ஒரு சோடா வாங்கி முழுவதையும் தானே குடித்தார்.

அவனை வேறிடத்துக்கு அனுப்பவில்லை. சில நாட்கள் வைத்திருந்துவிட்டு, ஒரு மத்தியானம் விட்டுவிட்டார்கள். எங்கள் வாக்குமூலத்தாலா, ஹோட்டல்காரன் சொன்னதாலா, உண்மையான ஆள் அகப்பட்டதாலா என்று யாரும் சொல்லவில்லை. அன்றைக்குக் கடையில் இருந்த, எனக்குப் பெயர் தெரியாத அந்த வெளிறிய கால் மனிதன், தான் அங்கே இருந்ததை ஒத்துக்கொண்டு ஒரு வார்த்தை சொன்னானோ என்று இன்றைக்கும் ஒரு சந்தேகம் எனக்கு உண்டு. என் வாழ்க்கையில் நல்ல விதமாகப் பட்ட ஒரே சந்தேகம் அது.

விட்டதற்கு அடுத்த கிழமை அவன் கடைக்கு வந்தான். மெலிந்திருந்தான். நீலப் பை இல்லை. மன்னிப்புக் கேட்கவில்லை, அது எங்கள் இருவருக்கும் மறந்துபோயிருந்தது. மூலை மெசினில் உட்கார முதல், தான் வந்த நேரத்தை ஒரு துண்டில் எழுதிக் கடை முத்திரை குத்தித் தரச் சொன்னான். எழும்பும்போது போகிற நேரத்தையும் அதில் எழுதித் தர வேண்டுமாம். ஏன் என்று கேட்டேன். சேர்ட் பொக்கெட்டிலிருந்து துண்டுச் சீட்டுக் கட்டு ஒன்றை எடுத்து மேசையில் வைத்தான். பஸ் டிக்கெட், பாண் வாங்கிய பில், கோயில் அர்ச்சனைத் துண்டு, மருந்துக் கடைச் சிட்டை, எல்லாம் ரப்பர் பட்டி போட்டுக் கட்டியிருந்தது. எங்கே போனாலும் கேட்டு வாங்குகிறானாம். பில் தராத கடைக்குப் போவதில்லையாம்.

"என்ன எழுதினனான் எண்டது நிக்கவேண்டாம் அக்கா. நான் இஞ்ச இருந்தனான் எண்டது மட்டும் நிக்கோணும். அப்பிடிச் செய்ய ஏலுமோ?"

ஏலும் என்றேன். மூலை மெசினில் எஃப்எஸ்டாப்பைத் திறந்தேன். வரிக்கு முன்னால் # என்று ஒரு வேலி அடையாளம் போட்டால் மெசின் அதை வாசிக்காமல் தாண்டிப் போகும். லொக் கோப்புறை வரிக்கு முன்னால் மட்டும் அதைப் போட்டேன். மற்ற இரண்டையும் தொடவில்லை. உட்காருகிறவர் பெயரையும் அடையாள அட்டை இலக்கத்தையும் தட்டினால்தான் திறக்கும்படி செய்தேன். நேரம் எல்லாம் டிஸ்க்கில் ஏறும். இந்த முறை நானாவிடம் முதலே சொல்லிவிட்டேன். அவர் நெற்றியைத் தடவிக்கொண்டு, ஆக்களுக்கும் சொல்லிப் போடு என்றார். மூலை மெசின் நீங்கள் வந்ததை ஞாபகம் வைத்திருக்கும், மற்ற ஏழும் வைத்திராது, விரும்பியதில் இருங்கள் என்று புதிய அறிவித்தல் எழுதி ஒட்டினேன். மூலைப் பக்கம் அவனைத் தவிர ஒருவரும் போகமாட்டார்கள் என்றுதான் நினைத்தேன். வெளிறிய கால் வந்து அதைத் திறந்து பார்க்கும் என்று எல்லோருக்கும் தெரியும்தானே.

இந்த அறிவித்தலை எல்லோரும் வாசித்தார்கள். இரண்டு கிழமை போயிருக்கும், ஒரு நாள் மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து பார்க்கிறேன், ஏழு மெசின் சும்மா கிடக்கிறது. மூலை மெசினுக்கு முன்னால் ஒரு பெடியன். அவனுக்குப் பின்னால் பிளாஸ்டிக் கதிரைகளை இழுத்துப்போட்டு நாலு பேர் காத்திருக்கிறார்கள். அந்த மெசின்களும் வேலை செய்கிறதுதானே, போய் இருங்கோ என்றேன். பரவாயில்லை அக்கா, இதிலயே இருக்கிறம் என்றான் ஒருவன். எல்லோர் கையிலும் அடையாள அட்டை, இலக்கத்தைப் பார்த்துத் தட்டுவதற்காகத் தயாராக. எனக்கு அழுகை வந்தது. வாசல் பக்கம் போய் நின்று அழுது முடித்துவிட்டு வந்தேன். பிறகு அடுத்த மெசினில் உட்கார்ந்து, எஃப்எஸ்டாப்பைத் திறந்து, அதே லொக் வரிக்கு முன்னால் வேலி அடையாளத்தைப் போட்டேன். ஒவ்வொன்றாக ஏழிலும் போட்டேன்.